சாய்ந்த சுடர்

இவ்வளவு அழகான ஒன்றா ஆளைக் கொல்லும்? வாங்கப்போகும் வீட்டின் ஒப்பந்தத்தை அவள் கையெழுத்துக்காகக் கணவன் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதன் பக்கத்தில் அவள் சீட்டு எழுதினாள்.

"என்னங்க, நாம வாங்கப்போற வீட்டுச் சாவி மாடிவீட்டு அக்காகிட்ட இருக்கு. மெக்கானிக்கோட போய் அந்த வீட்டு ரூமையெல்லாம் சூடாக்குற கேஸ் ஹீட்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளே நீலச் சுடர் வரிசையா, ஆடாம அசையாம நின்னுச்சு. அவ்வளவு அழகு. ஃபேன் ஓடினதும் அத்தனையும் ஒண்ணா ஒருபக்கம் சாய்ஞ்சுது, யாரோ கூப்பிட்ட மாதிரி. அப்படிச் சாய்ஞ்சா உள்தகட்டுல விரிசல்னு அர்த்தமாம், விஷப்புகை நம்ம பாப்பா ரூமுக்கே வருமாம். 'குடிபோய்ப் பார்த்துக்கலாம்'னு சொன்னீங்களே, நீங்களும் ஒருதடவை போய்ப் பாருங்க."

அடியில் நெருக்கி எழுதிச் சேர்த்தாள்: "நேத்து என்கிட்ட கத்தின உங்க தொண்டைக்கு ஃபிளாஸ்க்ல வெந்நீர் இருக்கு."

பேனாவை மூடி, கையெழுத்தில்லாத ஒப்பந்தத்தின் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.