ஊசி போட்ட பன்னிரண்டு கெண்டைகள்

திருப்பதி,
12.11.1986

அன்புள்ள நைனாவுக்கு,

தோத்திரம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

கெண்டைகளுக்குப் புண்நோய் வராமலிருக்க, கிருமியின் புரதத்தை ஊசியாகப் போட்டேன் அல்லவா? பிறகு எல்லாவற்றுக்கும் நோயைக் கொடுத்துப் பார்த்தேன். ஊசி போடாதவை புண் வெடித்துச் செத்தன. போட்ட பன்னிரண்டும் பிழைத்தன. நேற்று இரத்தம் எடுக்கப் போனால் தொட்டி காலி. எங்கள் மீன் ஆய்வு நிலைய அதிகாரி வீட்டு நிச்சயதார்த்தத்தில் குழம்பாகிவிட்டன.

"புரதம்தானேம்மா போட்டே? துன்னா ஒடம்புக்கு நல்லது," என்றார், பல் குத்தியபடி.

எட்டு மாத வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. மீன் தொண்டையில் இறங்கவில்லை, எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள். கூடவே நம் பெரிய பெட்டியின் பூட்டையும். அதிகாரி புதுத் தொட்டியை எட்டிப் பார்க்கிறார், முடிக்கிறேன்.

உங்கள் மகள்
ஜெயகுமாரி