தொட்டி காலி இல்லை

மார்வின், வந்ததும் முதலில் இதைப் படியுங்கள்.

“மீன் செத்துப் பத்து நாளாச்சு, வெறும் உப்புத் தண்ணிக்கு எதுக்கு லைட்டு?” என்று நேற்று கத்தினேன். நீங்கள் லைட்டை அணைக்காமலே படுத்துவிட்டீர்கள். அந்தக் கோபத்தில் இன்று காலை நானே தொட்டியைக் காலி செய்ய ஆரம்பித்தேன். இரண்டாவது வாளியில் வெள்ளைப் புள்ளிகள் துள்ளின! பேன் என்று நினைத்து அலறிவிட்டேன். நகைக்கடையில் கல் பார்க்கும் என் லென்ஸை வைத்துப் பார்த்தேன். இறால் மாதிரி உடம்பு, நெற்றியில் ஒரே ஒரு சிவப்புக் கண், வாலின் இரண்டு பக்கமும் முட்டைப் பை. போனில் தேடினால் கோப்பிபாட் என்கிறது, கடல் தண்ணீரில் வாழும் குட்டி உயிராம். ஐயோ, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன!

அந்த வாளியை அப்படியே தொட்டியில் திருப்பி ஊற்றிவிட்டேன்.

நான் கடையில் இருப்பேன். நாலு மணிக்குத் தொட்டியை வாங்க ஒருவர் வருவார். உங்களைக் கேட்காமல் நான்தான் வரச் சொன்னேன். “உள்ள ஆள் குடியிருக்கு, கொடுக்க முடியாது லா” என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

நாசி லெமாக் பொட்டலம் மேசைமேல் இருக்கிறது, சாப்பிடுங்கள்.

செலஸ்டின்

முதல் வாளியைப் பார்க்காமல் டாய்லெட்டில் கொட்டிவிட்டேன். இன்னும் ஃப்ளஷ் செய்யவில்லை. கை வரவில்லை.