சீல் வைத்த தாள்

மார்ச் 4

அன்புள்ள பூனைக்கு,

போனை நீ எடுப்பதில்லை. அதனால் ஹாஸ்டலில் ஒரே அலமாரியைப் பங்கு போட்டவளுக்கு, அந்த நாள் பட்டப்பெயரைப் போட்டே எழுதப் பேனாவைப் பிடித்திருக்கிறேன். நான் நலம். முழங்கால்தான் நலமில்லை; ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டு ரத்தம் பரிசோதிக்கிற வேலை அப்படி. ஆபரேஷனுக்குச் சேர்த்த பணத்தைத்தான் உன் தையல் கூடத்துக்குத் தந்தேன் என்பது உனக்கே தெரியும்.

பெரிய மருத்துவமனை ஒன்று சீருடைக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது, துணி எடுக்கப் பணமில்லை என்று ஒரு சீல் வைத்த தாளைக் காட்டி என்னிடமே விட்டுப்போனாயே, நேற்று அதை எடுத்துக்கொண்டு அந்த மருத்துவமனைக்கே போனேன். அலுவலகத்தில் இருந்தவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எங்க சீல் இல்லைங்க" என்றார்.

பணம் மெதுவாக வரட்டும். அந்தத் தாளைப் பற்றி மட்டும் உடனே எழுது.

உன் நெட்டை

மார்ச் 11

அன்பு நெட்டை,

என்னை வேவு பார்க்கவா போனாய்? மனசு விட்டுப்போயிற்று. அந்த ஆர்டரைப் பிடித்துத் தந்தவர் ஒரு தரகர். உன்னோடு சேர்த்து என்னையும் ஏமாற்றிவிட்டார். ஆள் இப்போது எங்கே என்றே தெரியவில்லை. உன் பணம் துணியாக முடங்கிக் கிடக்கிறது. ஆறு மாதம் பொறுத்துக்கொள்ளடி.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாடிப்படி ஏறாதே.

பூனை

மார்ச் 17

பூனை,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அந்தத் தரகருக்கு நீ ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

காவல் நிலையத்துக்குப் போய்விட்டேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள். அங்கிருந்த பெண் இன்ஸ்பெக்டர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். "கடன் வாங்கித் திருப்பித் தரலைன்னா அது சிவில் வழக்கும்மா, நாங்க தலையிட முடியாது. ஆனா திருப்பித் தர்ற எண்ணமே இல்லாம, பொய்த் தாளைக் காட்டிக் கேட்டிருந்தாங்கன்னா அது மோசடி. ஜெயில் வரைக்கும் போகும். கேக்குறப்போ அவங்க மனசுல என்ன இருந்துச்சு? அதான் கேள்வி."

தெரியாது என்றேன். இருபது வருஷப் பழக்கத்தில் அப்படிச் சொல்ல நேர்ந்தது வெட்கமாக இருந்தது. யோசித்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.

உன்னையும் ஏமாற்றியிருந்தால் உன் பக்கம் நிற்கிறேன். பெயரைச் சொல்.

நெட்டை

மார்ச் 24

நெட்டை,

தரகர் என்று யாரும் இல்லை.

அந்தத் தாளில் இருக்கும் சீல் நானே செய்யக் கொடுத்தது. ரப்பர் ஸ்டாம்ப் கடையில் அரை மணி நேர வேலை. எதற்கு என்றுகூடக் கடைக்காரர் கேட்கவில்லை. நீ பணம் தருவதற்கு முந்தின மாதமே கூடத்தை மூடிவிட்டேன். ஒரு முழம் துணிகூட வாங்கவில்லை. என்னிடம் தைத்த ஏழு பெண்களுக்கும் நான்கு மாதச் சம்பளம் பாக்கி இருந்தது. தினமும் காலையில் வாசலில் வந்து நிற்பார்கள். உன் பணம் அவர்களுக்குத்தான் போயிற்று.

திருப்பித் தர வழியில்லை என்று உன்னிடம் கேட்கும்போதே எனக்குத் தெரியும். நொடித்துப்போனேன் என்று சொல்லியிருந்தாலும் நீ ஏதாவது தந்திருப்பாய். ஆனால் பாவம் என்று பார்த்திருப்பாய். ஹாஸ்டலில் எல்லோருக்கும் முந்திச் சம்பாதிக்கத் தொடங்கியவள் நான். உன் முன்னால் அப்படியே நிற்க ஆசைப்பட்டேன்.

எதையும் எழுத்தில் கொடுக்காதே என்கிறார் நான் போய்ப் பார்த்த வக்கீல். கொடுத்துவிட்டேன். இதை என்ன செய்வது என்பது உன் இஷ்டம்.

பூனை

ஏப்ரல் 2

பூனை,

உன் கடிதத்தை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்று நாள் அது என் கைப்பையிலேயே இருந்தது. கிழித்துவிடலாம் என்று ஒரு முறை ஓரத்தைப் பிடித்தும் பார்த்தேன். கிழித்திருந்தால், "தெரியாது" என்று அவரிடம் மறுபடியும் சொல்லியிருப்பேன். இந்த முறை அது பொய்யாக இருந்திருக்கும்.

ஏழு பெண்களைப் பற்றியும் சொன்னேன். "அதை நீதிபதிகிட்ட சொல்லுங்கம்மா. தண்டனை குறையலாம். செஞ்சது மாறாது" என்றார். சொல்லுவேன். நீ பொய்த் தாள் காட்டியதையும் சொல்லுவேன், கேட்ட பிறகு உண்மையை எழுதியதையும் சொல்லுவேன்.

பாவம் என்று பார்த்திருப்பேன் என்கிறாய். பார்த்திருப்பேன்தான். ஆனால் அந்த ஏழு பேருக்கென்று கேட்டிருந்தால் முழுவதையும் தந்திருப்பேன், திருப்பிக் கேட்டிருக்கவும் மாட்டேன். அதற்கு எனக்கு நீ இடமே தரவில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பிறகு, வழக்கு முடியும்வரை நாம் எழுதிக்கொள்ளக் கூடாது என்கிறார் இன்ஸ்பெக்டர். அதன் பிறகு நீ எழுதினால் உறையைப் பிரிப்பேன். பதில் போடுவேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

நெட்டை