காணியும் தலைவர் கதிரையும்

சாய்ந்தமருது
12.06.2024

அன்புள்ள றாஹிலா மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தெஹிவளையில் மழையாமே, இங்கே வெயில் ஆளைத் தின்கிறது. உன் வீட்டுக்காரர் றவூப் காக்காவின் கால்வலி எப்படி?

தொலைபேசியில் சொல்லாமல் பதிவுத் தபால் அனுப்புகிறேனே என்று சினக்காதே. நிலையத்தின் தலைவரான உனக்குச் செயலாளரான நான் எழுத்தில்தான் அறிவிக்க வேண்டும். மச்சிக்கு எழுதியதையும் அதே உறைக்குள் போட்டுவிட்டேன்.

கூட்டத்துக்கான உன் நிகழ்ச்சிநிரல் கிடைத்தது. மூன்றாவதாக ‘நிலையத்தை வேறிடம் மாற்றுதல்’ என்று போட்டிருக்கிறாய். காரணம் எழுதவில்லை, ஊர் கதைக்கிறது. மகள் ஸஹ்றாவுக்கு மாவடிப்பள்ளிச் சம்பந்தம் சரிவந்து, நிலையம் இருக்கும் காணியில் சீதன வீடு கட்டப்போகிறாயாம். மெத்தச் சந்தோஷம். ஆனால் நடக்க ஏலாத முப்பத்தொரு பிள்ளைகள் எங்கே போவார்கள்? ஊரே சேர்ந்து எழுப்பிய கட்டிடம் அல்லவா அது?

பள்ளிவாசல் மரைக்காராக இருந்த ஷரிபுதீன் மாமா அந்தக் காணியை நிலையத்துக்குத் திரும்பப் பெறாத வக்ஃபாகக் கொடுத்துப் பத்து வருஷம். காணியின் உறுதிப் பத்திரம் இன்னும் உன் பெயரில் கிடப்பது, போன மாதம் பதிவைப் புதுப்பிக்கப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. மாமா மௌத்தானதும் அவர் கதிரையில் உன்னை இருத்தினோம். மகள்தானே என்று ஒருவரும் வாக்கெடுக்கவில்லை. அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

நிலைய யாப்பின் பதினோராம் விதியை எடுத்துப் பார். ஒரு விடயத்தில் சொந்த நலன் உள்ளவர் அதைச் சபைக்குச் சொல்லிவிட்டு, முடிவெடுக்கும் நேரம் வெளியே இருக்க வேண்டும். இதற்கு நீ தலைமை தாங்க முடியாது மச்சி.

உன்
நுஸ்ஹா

தெஹிவளை
20.06.2024

நுஸ்ஹாவுக்கு,

வஅலைக்கும் சலாம். காக்காவின் கால் பரவாயில்லை. எனக்குத்தான் உன் கடிதத்தை வாசித்ததில் இருந்து காது சூடாகக் கிடக்கிறது. வாப்பா தொடங்கிய நிலையத்தில் அவர் மகளையே வெளியே போய் இரு என்கிறாயே!

அந்தக் காணி என் கலியாணத்துக்கு வாப்பா உறுதி முடித்துத் தந்த சீதனம். எனக்குத் தந்ததை அவர் எப்படி இன்னொரு தரம் கொடுக்க முடியும்? எனக்கு இருப்பது ஒரே மகள், ஒரே காணி. வீடில்லாமல் நமது ஊரில் ஒரு குமர் கரைசேருமா? மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்ற உனக்கு இது விளங்காது.

சபையில் ஏழு பேர். பொருளாளர் நளீமோடு ஐந்து பேர் எனக்கு ஓம் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் நம் ஆட்கள். என்னிடம் விதி காட்டாதே.

றாஹிலா

சாய்ந்தமருது
02.07.2024

அன்புள்ள மச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். நளீமிடம் நேரே போய்க் கேட்டேன். “என்ன செய்யிற புள்ள, மரைக்கார்ட மகள் கேட்டா இல்லெண்டு சொல்ல ஏலுமா?” என்றார். நிலையத்தைப் பற்றி அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. இதைத்தான் நாம் நிர்வாக சபை என்கிறோம்.

உறுதிப்படி காணி உன்னுடையது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அத்திவாரக் கல் வைத்த அன்று, நாற்பது பேருக்கு முன் மாமா என்ன கேட்டார்? “இந்தக் காணிய அல்லாஹ்வுக்காகக் குடுத்திட்டம். என்ன மகள், ஓமா?” நீ “ஓம் வாப்பா” என்றாய். அந்தச் சொல்லை நம்பித்தான் சனம் கல்லும் மண்ணும் சுமந்தது.

‘உறுதியை மாற்றுவோமா மாமா’ என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். மரைக்காரின் வாய்ச்சொல்லுக்கு மேல் கடதாசி கேட்பது மரியாதைக் குறைவு என்று வாயைப் பொத்திக்கொண்டேன். செயலாளருக்கு ஆகாத மரியாதை அது. என் பிழை இன்று ஸஹ்றாவின் தலையில் விடிந்திருக்கிறது. நினைக்க வெட்கமாக இருக்கிறது.

வருகிற 27ஆம் திகதி விசேட பொதுக்கூட்டம் அழைத்திருக்கிறேன். அன்று ஓம் சொன்னாயா இல்லையா என்று ஊருக்கு முன் உன்னிடம் கேட்க வைக்காதே. என்னோடு கோபித்துக்கொள், பதில் மட்டும் எழுது.

உன்
நுஸ்ஹா

தெஹிவளை
24.07.2024

செயலாளர்,
ரஹ்மா விசேட தேவையுடையோர் நிலையம்,
சாய்ந்தமருது.

தலைவர் பதவியிலிருந்து விலகுகிறேன். காணியை நிலையத்துக்கு வக்ஃபாக எழுதிய உறுதியின் பிரதி இத்துடன் உள்ளது. புதிய தலைவரை வாக்கெடுத்துத் தெரிவுசெய்யவும்.

நுஸ்ஹா, இனி எழுதுவது உனக்கு.

ஓம் என்று சொன்னது நான்தான். வாப்பா முகத்தைப் பார்த்துச் சொன்னதை அவர் மௌத்தான பிறகு இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாவடிப்பள்ளிக்காரருக்கு விடயத்தைச் சொன்னோம். இரண்டு நாளில் சம்பந்தம் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நீ கேட்டது சரி. சரியாக இருப்பதால் என் கோபம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஸஹ்றாவுக்கு ஆறுதல் சொல்லி ஒன்றும் எழுதிவிடாதே. எழுதினால் அவள் உன்னை மன்னித்துவிடுவாள். நான் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

ஷ. றாஹிலா