மல்லிகாவின் நாடி

1961 ஜூலை 12, புதன்

என் வகுப்பு மல்லிகா இன்று திடலில் ஓடும்போது மயங்கி விழுந்துவிட்டாள். இதயத்தில் கோளாறாம்.

போன மாதம் பிள்ளைகளின் உடல்திறனை ஆராய ஒரு டாக்டர் பள்ளிக்கு வந்தார். நாடியை எண்ணி அட்டையில் எழுதுவது என் வேலை. மல்லிகா சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவள் நாடி படபடவென்று அடித்தது. இரண்டு தடவை எண்ணினேன்; இரண்டு தடவையும் மிக அதிகம். எண்ணத் தெரியாதவள் என்று டாக்டர் நினைப்பாரே என்று, முந்தின பெண்ணின் எண்ணிக்கையையே எழுதிவைத்தேன்.

இன்று காலை, “மூச்சு வாங்குது டீச்சர், முடியலை” என்றாள். “அட்டையில எல்லாம் சரியாத்தானே இருக்கு? சோம்பேறி, ஓடு!” என்றேன். நான் எழுதிய பொய்யை நானே நம்பியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில், இது எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார்கள். ஜாலான் புசார் வீட்டிலிருந்து ஓடிவந்திருந்த அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதானே செக் பண்ணீங்க டீச்சர்? போன மாசம் நல்லாத்தானே இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சும்மா” என்றேன்.

அவர் மணிக்கட்டு என் விரல்களுக்கடியில் துடித்துக்கொண்டிருந்தது. என்னையறியாமல் எண்ணத் தொடங்கினேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.