அப்பா படத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். என் இடது முழங்காலைத் தவிர இங்கு எல்லோரும் நலம். அங்கு நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் 'தவிர' என்று ஒன்றும் இல்லாமல் முழு நலமாக இருக்க வேண்டும். உன் அண்ணனும் அத்தையும் போனில் உன்னிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதையே தெருமுனை மருந்துக்கடைக்காரர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார்கள். கடைக்கு வந்த ஒரு பெண்ணை நான் அழவைத்து விரட்டிவிட்டேனாம். அது தவறு. அழுதாள் என்பது உண்மை, விரட்டினேன் என்பது பொய். நாற்காலி போட்டு உட்காரவைத்தேன், தண்ணீர் கொடுத்தேன், அவள் எழுந்து போகும்போது படியில் இடறாமல் கையைப் பிடித்துக்கொண்டேன். விரட்டுகிறவர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். ஆனால் அவளிடம் நான் சொன்ன ஒரு வார்த்தையை வாபஸ் வாங்குவதாக இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், ஆகவே அடுப்பில் எதையும் வைத்துவிட்டு இதைப் படிக்காதே.

முதலில் வீட்டுச் செய்தி. அத்தைக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், அலமாரித் தூசி உட்பட, அதனால் உன் அண்ணிக்கு நிம்மதி போய்விட்டது. மழை விடாமல் பெய்கிறது, பொத்தான் இழுப்பறைகள் ஊறிப்போய், ஒன்றைத் திறக்க அண்ணன் காலை முட்டுக்கொடுத்து இழுக்கிறான். பாதி நாள் யாரும் வராததால் அதற்கும் தேவையில்லாமல் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். போன வாரம் செல்போன் உறை விற்கும் ஒருவர் வந்து நம் கடையின் முன்பக்கத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போனார். கேட்டால், "சும்மா பாக்க வந்தாரும்மா" என்கிறான். சும்மா பார்க்க வருகிறவர் டேப் எடுத்து வருவதில்லை. நீ செய்துகொடுத்த வெப்சைட் இந்த ஆண்டுக்குள் கடையைத் தூக்கி நிறுத்தவில்லை என்றால் சாவி அந்த மனிதர் கைக்குப் போகும், அவன் மனத்தில் அது முடிவாகிவிட்டது. அவனை நான் குறை சொல்லவில்லை. பொத்தான் விற்றுக் குடும்பத்தை ஓட்டுவது எத்தனை கடினம் என்று அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வெப்சைட்டை முழுதாகப் பார்த்துவிட்டேன். அண்ணி கம்ப்யூட்டரைத் திறந்துகொடுத்துவிட்டு ஈரத் துணியை உள்ளே எடுத்துப்போடப் போனாள், நான் ஒரு பக்கம் விடாமல் படித்தேன். நான் படித்த கான்வென்டில் எங்கள் தையலைக் கையில் வாங்கியதும் மதர் முதலில் துணியைத் திருப்பி உள்பக்கத்தைத்தான் பார்ப்பார், நானும் அப்படித்தான் பார்த்தேன். முன்பக்கம் அழகாக இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருநீலப் பொத்தான் படத்தில் ஊதாவாகத் தெரிகிறது, ஏனென்றால் அண்ணி அதை டியூப் லைட்டின் கீழ் வைத்து எடுத்து அனுப்பியிருக்கிறாள். உன் அப்பா கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் துணியையும் பொத்தானையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார், வாங்க வந்தவரும் பின்னாலேயே ஓட வேண்டும். வெளிச்சத்தில் காட்டாமல் அவர் ஒன்றையும் விற்றதில்லை. இனி எல்லாப் படத்தையும் வாசலில் வைத்து எடுக்கச் சொல், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைக்கச் சொல். இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும் பொத்தான் எது என்று அதன் கீழேயே எழுது. இதை வாங்காதீர்கள் என்று சொல்கிற கடையில்தான் ஜனங்கள் மற்றதை நம்பி வாங்குவார்கள். சிப்பிப் பொத்தானுக்குக் கீழே 'இன்னும் இரண்டே பாக்கி, முந்துங்கள்' என்று போட்டிருக்கிறாய். அது மாடிப்படிக்குக் கீழே மூட்டையாக இருக்கிறது, நான் அதன்மேல் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டுகிறேன். 'இதை இப்போது முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று இன்னொரு வரி மின்னுகிறது. நம் கடையில் முப்பது பேர் சேர்ந்தாற்போல் நின்றது உன் அப்பா போன அன்று மட்டும்தான்.

இதெல்லாம் பிசிறு, கத்தரித்துவிடலாம். கீழ் மூலையில் அப்பா படம் இருக்கிறதே, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரிக்கிற படம், அதன் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி, 'கடையில்தான் இருக்கிறேன், கேளுங்கள்' என்று ஒரு வரி. அதைக் கத்தரிக்க என் கை போதாது. முன்பு ஒரு முறை கேட்டதற்கு, "அது மெஷினும்மா, அதுவா பதில் சொல்லும்" என்றான் உன் அண்ணன். மெஷின்தானே என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அந்தப் பெண் வந்தாள். இரண்டு பஸ் மாறி, மழையில், நெஞ்சோடு ஒரு பொட்டலத்தை அணைத்தபடி வந்தாள். வீட்டிலேயே தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள், நாற்பது வயது இருக்கலாம். பொட்டலத்தில் பழுப்பு நிறக் கோட் ஒன்று, மகள் வேலைக்குப் போகும் முதல் நாளுக்காகத் தைத்தது, பொத்தான் மட்டும் பாக்கி. "ஐயா இல்லைங்களா? அவருதான் கோட்டோட கடைக்கு வாம்மா, வாசல்ல வச்சுப் பாத்துடலாம்னாரு" என்று கேட்டாள். உன் அண்ணன் தலையைத் தூக்காமல், "வெளியூர் போயிருக்காரு, அடுத்த வாரம் வாங்க" என்றான். நான் உள்ளறையிலிருந்து அதைக் கேட்டேன். அடுத்த வாரம் அவள் மறுபடி இரண்டு பஸ் மாறி வருவாள், அப்போது எந்த ஊருக்கு அனுப்புவான் அவரை? வெளியே வந்து, "அவர் இறந்துபோய் ஒரு வருஷம் ஆகப்போகுதும்மா, நான் அவர் சம்சாரம்" என்றேன். திரும்பப் பெற மாட்டேன் என்றேனே, அந்த வார்த்தை இதுதான். அவள் முதலில் சிரித்தாள். "விளையாடாதீங்கம்மா, நேத்துகூடப் பேசினாரே" என்று போனைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

படித்தேன். 'அவசரத்துல தச்ச பொத்தான் அவசரத்துலதான் அறும்' என்று இருந்தது. 'நூலை மெழுகுல இழுத்துட்டுத் தைம்மா, கழுத்து வலிச்சா எழுந்து நடம்மா' என்று இருந்தது. அவள் புருஷன் விட்டுப்போனதைச் சொல்லியிருக்கிறாள், அதற்கு, 'அறுந்த பொத்தானுக்காகச் சட்டையத் தூக்கிப் போடுவாங்களா' என்று இருந்தது. எல்லாம் அவர் வாய். எழுதிய நாள் மட்டும் நேற்று. எனக்கு நாற்காலி வேண்டியிருந்தது, ஆனால் அதை அவளுக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். அவள், "அப்ப என்கிட்ட இத்தன நாளா பேசினது யாரு? நான் யாருகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்?" என்று கேட்டாள். உன் அண்ணனைப் பார்த்தேன், அவன் இழுப்பறையைப் பார்த்தான். அழுதுகொண்டே போய்விட்டாள், கோட்டை மறந்து மேஜைமேலேயே விட்டுவிட்டாள். அதன் பிறகுதான் அவன், "சின்னவதாம்மா எழுதுறா. ஆர்டர் வர்றதே அதுலதான், கெடுத்துட்டியே" என்றான். அத்தை, "உனக்கு வாயில ஒரு பொத்தான் தச்சுவிடணும்" என்றாள். அந்தப் பெண் அன்றே வெப்சைட்டில் எல்லோரும் பார்க்கும்படி, செத்தவர் பேசும் கடை என்று எழுதிவிட்டாள், நீயும் பார்த்திருப்பாய். அன்றிலிருந்து ஒரு ஆர்டரும் இல்லை.

கோபமாகத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று, யாரோ போல, ஒரு விரலால் தட்டி, சாம்பல் நிற ரவிக்கைக்கு என்ன பொத்தான் வைக்கலாம் என்று கேட்டேன். நீ அங்கே வேலைக்கு நடுவில் இருந்திருப்பாய். கொஞ்ச நேரத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் எழுத்து வந்தது. 'வாங்கம்மா, குடையை வெளிய வச்சிட்டு உக்காருங்க' என்று வந்தது. அதற்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை. இங்கே மழை என்று உனக்கு யார் சொன்னார்கள் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. நூல் எது, ஊசி எது என்று தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்டேன். மறுநாளும் கேட்டேன், அதற்கடுத்த நாளும் கேட்டேன். அண்ணி அறைக்குள் வந்தால் திரையைத் திருப்பி வைத்தேன். இந்த வயதில், இந்தப் படிப்புப் படித்துவிட்டு. ஆகவே ஏன் நீ இதை நிறுத்த முடியாமல் இருக்கிறாய் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம். அப்பா போன அன்று உனக்கு விமானம் கிடைக்கவில்லை. அண்ணன் போனைத் தூக்கிப் பிடித்தான், பாதி நேரம் நீ கூரையில் சுற்றும் மின்விசிறியைத்தான் பார்த்தாய். நாங்கள் அவரை அனுப்பிவைத்தோம். உனக்கு அவர் இன்னும் கடையில்தான் இருக்கிறார். நீ இதை விற்பனைக்காகத் தொடங்கவில்லை என்று உன் அண்ணனிடம் சொன்னேன், அவனுக்குப் புரியவில்லை.

ஆனால் ஒன்று கேள். சாம்பல் ரவிக்கைக்கு நீ என்ன பதில் எழுதினாய் என்று நினைவிருக்கிறதா? 'சாம்பலுக்குச் சாம்பலையே வைக்காதீங்கம்மா, மேல் பொத்தான் ஒண்ணு மட்டும் சிவப்பா இருக்கட்டும்' என்று எழுதினாய். உன் அப்பா ஒரு நாளும் அப்படிச் சொல்லமாட்டார். துணி என்ன நிறமோ அதே நிறம்தான் பொத்தான், அதில் இழை பிசக மாட்டார், என் உடைகளில் அவர் வைத்துக்கொடுத்த ஒரு பொத்தானாவது தனியாகத் தெரிந்ததுண்டா? அந்தச் சிவப்பு உன்னுடையது. அந்தப் பெண்ணிடம் 'எழுந்து நடம்மா' என்று சொன்னதும் அவர் இல்லை, கழுத்து வலிக்கும் என்பதே அவருக்குத் தெரியாது, அதுவும் நீதான். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு உன் சொந்தச் சரக்கை விற்றிருக்கிறாய், பைத்தியக்காரி. ஜனங்கள் அந்த மூலைக்குத் திரும்பத் திரும்ப வந்தது அதற்காகத்தான். வெப்சைட்டில் விலைமதிப்புள்ளது அது ஒன்றுதான், அதன்மேல் தப்பான படத்தை ஒட்டிவைத்திருக்கிறாய்.

படத்தை எடுத்துவிடு. பச்சைப் புள்ளி இருக்கட்டும், அதன் பக்கத்தில் உன் முகத்தை வை, கடை வைத்திருந்தவரின் மகள், தூரத்தில் இருக்கிறாள், பதில் வரத் தாமதமாகும் என்று எழுது. இப்படிச் செய்தால் கடை பிழைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பிழைக்காது என்றுதான் தோன்றுகிறது. டேப் வைத்து அளந்தவர் மறுபடியும் வந்தார், இந்த முறை ஆசாரியையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆனால் மூடுவதாக இருந்தாலும் அப்பா போய்விட்டார் என்பதைச் சொல்லிவிட்டு மூடுவோம். அதை நீ உன் கையால் எழுத வேண்டும், நானோ அண்ணனோ எழுதினால் ஆகாது.

கோட் இங்கேதான் தொங்குகிறது. மழை விட்ட ஒரு பொழுதில் அதை வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, பழுப்புக்கு அதே பழுப்பில் பொத்தான் தைத்துவிட்டேன், நூலை மெழுகில் இழுத்துத்தான் தைத்தேன். மேல் பொத்தானை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அதற்கு எந்த நிறம் என்று நீ சொல். அந்தப் பெண்ணின் முகவரி உன்னிடம்தான் இருக்கிறது, உன் பெயரில் அவளுக்கு எழுதி, யாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம் என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல். அவள் மன்னிக்காவிட்டாலும் கோட்டைப் பார்சலில் அனுப்பிவிடலாம், அவள் மகளின் முதல் நாள் தாண்டிவிடக் கூடாது.

மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல். குழந்தைக்குக் கழுத்துப் பொத்தானை இறுக்கிப் போடாதே. உங்கள் மூவருக்கும் நோய்நொடி அண்டாமல், கையில் எடுத்த வேலை கலையாமல் இருக்கட்டும். அந்த மூலையில் இனி நான் எதுவும் கேட்க மாட்டேன், நீயும் அதில் எனக்குப் பதில் எழுத வேண்டாம். தாளில், பேனாவால், நீ பேசுகிற மாதிரியே எழுதி எனக்கு ஒரு கடிதம் போடு.

உன் அம்மா