வளைவில் சாயாத வண்டி

என் தங்கத்துக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. என் அம்மாவை மாத்திரை மறக்காமல் போடச் சொல்.

நேற்று பட்டறையில் ஒரு காருக்குப் பின்பக்க ஸ்வே பார், அதுதான் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி, மாட்டினேன். பாப்பா வளைவில் வாந்தி எடுக்காமல் இருக்க நம் வண்டிக்கு வாங்கினேனே, அதே மாதிரிக் கம்பிதான். ஓட்டிப் பார்த்தபோது வளைவில் வண்டி சாயவே இல்லை. இருந்தாலும் பழக்கதோஷத்தில் வேகத்தைக் குறைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"பின்னாடி யாருப்பா இருக்காங்க?" என்று பட்டறை முதலாளி சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

நம் கம்பியை மாட்டுவதற்குள் காய்ச்சல் பாப்பாவைக் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு அதைக் கடையில் திருப்பிக் கொடுத்திருக்கலாம். மனம் வரவில்லை, கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

முதலாளி கூப்பிடுகிறார். வண்டியை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வை. யார் கழுவினாலும் பின் சீட்டில் இருக்கும் வாந்திக் கறையை மட்டும் தேய்க்க விடாதே.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா